பதினெட்டு வாக்கியங்களில் ஆனந்தவள்ளி அக்கா

நிஜ ஆளை மனதில் வைக்காமல் எனக்கு ஒரு வாக்கியம்கூட எழுத வராது. இதைக் குறை என்று சொல்கிறவர்கள் ஒரு நாள் என் வேலையைச் செய்து பார்க்கட்டும்.

சென்னையில் ஒரு நிறுவனம் ஃபோனில் பார்ப்பதற்காக ஒத்த சொற்களின் அகராதி ஒன்று தயாரிக்கிறது. ஒரு சொல்லைத் தட்டினால் அதே பொருள் தரும் மற்ற சொற்கள் வரிசையாக வரும். ஒவ்வொன்றுக்கும் கீழே ஓர் எடுத்துக்காட்டு வாக்கியம் இருக்கும். தென்காசியை ஒட்டிய குத்துக்கல்வலசையில், என் வீட்டு அடுக்களை மேடையில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு, அந்தச் சொற்களையும் வாக்கியங்களையும் எழுதி அனுப்புவது நான்தான். ஏனோதானோவென்று எழுதினால் அங்கே ஆசிரியராக இருக்கும் ஹுஸைஃபா திருப்பி அனுப்பிவிடுவார். "ஜெயசித்ரா மேடம், வாக்கியத்தில் உயிர் இல்லை" என்று ஒரு குறிப்பு வேறு.

உயிருக்கு நான் எங்கே போவேன்? அது எங்கள் தெருவில்தான் இருக்கிறது. அதனால் முதலில் நிஜப் பெயர்களோடு எழுதிவிடுவேன். கஞ்சன் என்றால் எங்கள் பால்காரர். சோம்பேறி என்றால் என் கணவர் முத்துச்செல்வம், அதுவும் விடுப்பு நாட்களில் மட்டும். எல்லாம் எழுதி முடித்ததும் ஒரே தட்டில் பெயர்களை மாற்றிவிட்டு அனுப்புவேன். இரண்டு வருஷமாக ஒருவருக்கும் தெரியாது. பால்காரர் இன்றைக்கும் எனக்குத்தான் முதலில் பால் ஊற்றுகிறார்.

போன வாரம் வந்த தொகுதிக்குத் தலைப்பு, 'இரண்டு பக்கம் உள்ளவற்றைக் குறிக்கும் சொற்கள்'. இருமுகம், இரட்டை நாக்கு, இரட்டை வேடம், இருமனம், ஈரொட்டு, மதில்மேல் பூனை என்று மொத்தம் பதினெட்டு. வழக்கமாகப் பதினெட்டுச் சொல்லுக்கு ஏழெட்டு ஆளாவது தேட வேண்டியிருக்கும். இந்தத் தடவை தேடவே இல்லை. பதினெட்டுக்கும் ஒரே ஆள் போதுமாக இருந்தது, அதுவும் பக்கத்து வீட்டில்.

ஆனந்தவள்ளி அக்கா என் கணவரின் அண்ணன் மனைவி. எங்கள் இரண்டு வீட்டுக்கும் பின்பக்கம் இடுப்பு உயரத்துக்கு ஒரு மதில், அவ்வளவுதான். பதினான்கு வருஷமாக அந்த மதில்மேல் வைத்துத்தான் எங்கள் குழம்புக் கிண்ணங்கள் போய் வருகின்றன. அக்காவை நினைத்ததும் வாக்கியங்கள் தானாக வந்து விழுந்தன.

இரட்டை நாக்கு: 'என் சாம்பாரை என் அடுக்களையில் நின்று அமிர்தம் என்ற ஆனந்தவள்ளி, மாமியாரிடம் போய் அதைக் கழனித் தண்ணி என்றாள்.'

இருமுகம்: 'என் புதுச்சேலையைப் பார்த்தபோது ஆனந்தவள்ளிக்கு ஒரு முகம், நான் திரும்பி நடந்ததும் வேறு முகம்.'

ஈரொட்டு: 'எந்தச் சேலை எடுப்பது என்று ஆனந்தவள்ளி இரண்டு மணி நேரம் ஈரொட்டாக நின்றதில் கடைக்காரர் ஃபேனை நிறுத்திவிட்டார்.'

எழுதும்போது நானே சிரித்தேன், அதையும் சொல்லிவிடுகிறேன். வெள்ளிக்கிழமை சாயங்காலம் பதினெட்டையும் முடித்து, 'ஆனந்தவள்ளி' இருக்கிற இடமெல்லாம் 'மரகதம்' என்று மாற்றப் போன நேரம், மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து சத்தம் வந்தது.

"ஏட்டி ஜெயசித்ரா! பால் பொங்குத வாசம் வருது. என்ன செய்யுத உள்ள?"

அக்காவின் மூக்குக்கு மதில் ஒரு பொருட்டே இல்லை. ஓடிப்போய் அடுப்பை அணைத்தேன், மேடையைத் துடைத்தேன், லேப்டாப்பில் பால் தெறித்திருக்கிறதா என்று பார்த்தேன். அந்தப் பதற்றத்தில் 'அனுப்பு' என்பதை அமுக்கிவிட்டேன். மரகதம் வரவே இல்லை.

மறுநாள் காலையில் ஹுஸைஃபாவிடமிருந்து செய்தி. "மேடம், பிரமாதம். உங்கள் ஆனந்தவள்ளியைப் படித்து ஆபீஸே சிரித்தது. காலையில் ஏற்றியாகிவிட்டது." உடனே கூப்பிட்டுப் பெயரை மாற்றச் சொன்னேன். திருத்தத்தை இப்போதே அனுப்பலாம், ஆனால் அடுத்த பதிப்பு ஞாயிறு மாலை ஐந்து மணிக்குத்தான் ஏறும் என்றார். மரகதத்தைப் போட்டுத் திருத்தத்தை அனுப்பினேன். இனி ஞாயிறு ஐந்து மணி வரை அக்கா அதைப் பார்க்காமல் இருக்க வேண்டும்.

அதுதான் சிக்கல். என் அகராதிக்கு முதல் வாசகியே அக்காதான். தினமும் சாப்பிட்டதும் ஒரு சொல்லைத் தட்டி, சத்தமாகப் படித்து, பக்கத்தில் இருப்பவர்களிடம் "எங்க வீட்டுப் பிள்ளை எழுதுனது" என்று சொல்லாமல் அவளுக்குத் தூக்கம் வராது.

அவள் கோபித்துக்கொண்டால் இரண்டு நாளில் சரியாகிவிடுமே என்று நீங்கள் நினைக்கலாம். எங்கள் குடும்பத்தை உங்களுக்குத் தெரியாது. என் கணவருக்கு இரண்டு அத்தைமார். ஒரு கல்யாணப் பந்தியில் யார் முதலில் உட்கார்ந்தது என்பதில் பேச்சு நின்று பதினோரு வருஷம் ஆகிறது. ஒரே வேனில் வருவார்கள், ஒரே பாயில் உட்காருவார்கள், ஒரு வார்த்தை கிடையாது. பெரியத்தைக்கு உப்பு வேண்டுமென்றால், "ஏ காக்கா, இந்த ஊர்ல உப்பே கிடைக்காதோ?" என்று ஜாடை பேசுவார். சின்னத்தை உப்பை எடுத்துக் காக்காய்க்குப் பக்கத்தில் வைப்பார். இந்த வீட்டில் பேச்சு நின்றால் நின்றதுதான்.

வடகரையிலிருந்து வாழ வந்த எனக்கு இங்கே தோழி, துணை, சண்டைக்காரி எல்லாமே அக்கா ஒருத்திதான். அவள் இல்லாமல் அந்த மதிலைப் பார்த்துக்கொண்டு பதினோரு வருஷம் எப்படி இருப்பேன்?

சனிக்கிழமை முழுக்க அவளைத் தாங்கினேன். நான்கு தடவை காபி. கால் கிலோ அல்வா. அவளுடைய மிக்ஸி ஜாரைக்கூட நானே கழுவிக் கொடுத்தேன். நடுவில், "அக்கா, அந்த அகராதியத் திறந்துராதீங்க. வைரஸ் வந்துருக்காம், ஃபோனே போயிருமாம்" என்று ஒரு பொய்யும் சொல்லி வைத்தேன்.

"அப்படியாட்டி?" என்று கண்ணை அகல விரித்தாள் அக்கா. "நல்ல வேளை சொன்ன."

ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு குற்றாலம் போவதாக முன்பே ஏற்பாடு. சாரல் பிடித்து ஒரு வாரம் ஆகியிருந்தது. எனக்கு அது தெய்வமே அனுப்பிய மாதிரி இருந்தது. அருவிக்குள் நிற்கிறவள் ஃபோனை எங்கே பார்ப்பாள்? வேனில் ஏறியதுமே, "நனைஞ்சுரும், எல்லாரும் குடுங்க" என்று ஃபோன்களை வாங்கி ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு, புளியோதரைத் தூக்குவாளிக்கு அடியில் வைத்துக்கொண்டேன். அக்கா மறுபேச்சுப் பேசாமல் கொடுத்தாள். அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். அவள் எதையும் மறுபேச்சில்லாமல் கொடுக்கிற ஆள் இல்லை.

பேரருவிக்குப் போனால் வழியை அடைத்துக் கயிறு கட்டியிருந்தது. கயிற்றுக்கு முன்னால் போலீஸ் தொப்பியும் விசிலுமாக என் கணவர். சீசன் பந்தோபஸ்துக்கு அவரை அங்கேதான் போட்டிருந்தார்கள்.

"தண்ணி கூடிட்டு மைனி," என்றார் அக்காவிடம். "மேலேருந்து கல்லு வேற விழுது. யாரையும் விடக் கூடாதுன்னு ஆர்டர். கொஞ்சம் அங்கன போய் இருங்க, குறைஞ்சா விடுவாங்க."

என்னை ஒரு பார்வை பார்த்தார். அவருக்கு எல்லாம் தெரியும். பேசாமல் காலில் விழுந்துவிடு என்று சனிக்கிழமையிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறார். கேஸ் வராமல் முடித்துவைப்பதுதான் அவருக்குப் பழக்கம்.

கார் நிறுத்துமிடத்தை ஒட்டி ஒரு கட்டைச் சுவர் ஓரமாகப் பாயை விரித்தோம். பாயின் ஒரு கோடியில் பெரியத்தை, மறு கோடியில் சின்னத்தை. நடுவில் நானும் அக்காவும். அருவி இரைச்சல் காதை அடைத்தது, ஆனால் குளிக்க முடியாது. குளிக்க முடியாத இடத்தில் மனுஷர் என்ன செய்வார்கள்? ஃபோனைத்தான் கேட்பார்கள். நான் தூக்குவாளியை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். மணி மூன்றரை.

அக்கா ஃபோனைக் கேட்கவில்லை. கட்டைச் சுவரின்மேல் ஒரு குரங்கு வந்து உட்கார்ந்து எங்கள் வடைப் பொட்டலத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. அதன் பக்கமாகத் திரும்பி உட்கார்ந்தாள்.

"ஏ கொரங்கே, இங்கன பாரு," என்றாள். "நீ நல்ல கொரங்கா, கெட்ட கொரங்கா?"

குரங்கு விலாவைச் சொறிந்தது.

"முன்னால வந்து பல்லக் காட்டுத. அந்தப் பக்கம் திரும்புனா பையத் தூக்குத. ஒன்னயப் பத்தி ஒருத்தி உக்காந்து பதினெட்டு வரி எழுதி ஊருக்கே படிக்கக் குடுத்தா அப்பம் தெரியும் ஒனக்கு."

பதினெட்டு. படித்துவிட்டாள். இரண்டு கோடியிலும் இரண்டு அத்தைமாரும் ஒரே நேரத்தில் நிமிர்ந்தார்கள். ஜாடைப் பேச்சில் அவர்களுக்குப் பதினோரு வருஷ அனுபவம், ஒரு சொல் போதும்.

அக்கா என்னிடம் பேசவில்லை, குரங்கிடம் பேசுகிறாள். அப்படியானால் அத்தைமார் கதை எனக்கும் ஆரம்பித்துவிட்டது. நானும் அதனிடம்தான் பேச வேண்டும்.

"ஏ குரங்கே," என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. "அது அனுப்பணும்னு எழுதுனது இல்ல. பேர மாத்தத்தான் இருந்தது. அதுக்குள்ள பால் பொங்கிட்டு."

"பால் பொங்குதுன்னு கூப்பிட்டுச் சொன்னது யாருன்னு கேளு கொரங்கே."

"சொன்னவங்க நல்லவங்கதான்னு சொல்லு குரங்கே."

"நல்லவளுக்கு எதுக்கு ரெட்டை நாக்கு? வைரஸ் வந்துருக்குன்னு சொன்னாளே, அவளுக்கு எத்தன நாக்குன்னு கேளு."

குரங்கு அவளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தது. விசில் சத்தம் கேட்டது.

"யாரு அங்கன குரங்குகூடப் பேசுதது? கடிச்சுரும், தள்ளிப் போங்க!" என்று கையை ஆட்டியபடி வந்த என் கணவர், எங்கள் முகங்களைப் பார்த்ததும் நின்றார். "சரி, பேசுங்க. நான் டியூட்டில இருக்கேன்" என்று சொல்லிவிட்டு வந்த வேகத்தில் திரும்பிப் போய்விட்டார். அவரை நம்பித்தான் சர்க்கார் அத்தனை ஜனத்தை ஒப்படைத்திருக்கிறது.

அந்தச் சத்தத்தில் குரங்கு உஷாராகி, ஒரே தாவலில் வடைப் பொட்டலத்தைப் பிடுங்கிக்கொண்டு புங்கமரத்தில் ஏறிவிட்டது.

இப்போது எங்களுக்கு நடுவே யாரும் இல்லை. அக்கா காலிச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பெரியத்தை சின்னத்தை விஷயத்திலும் இப்படி ஓர் இடம் வந்திருக்கும் என்று எனக்குத் தோன்றியது. இரண்டு பேரும் மற்றவள் முதலில் பேசட்டும் என்று இருந்திருப்பார்கள். அப்படியே பதினோரு வருஷம் போயிருக்கும்.

"அக்கா," என்றேன், நேராக அவளைப் பார்த்து. "தப்பு என் பேர்லதான். என்னைய ரெண்டு அடி வேணாலும் அடிங்க. பேசாம மட்டும் இருந்துராதீங்க, என்னால முடியாது."

அவள் திரும்பியபோது கோபம் இருக்கும் என்று நினைத்தேன். கண் கலங்கியிருந்தது.

"சனிக்கிழமை காலையிலேயே படிச்சுட்டேன். எண்ணிப் பாத்தேன்ட்டி, பதினெட்டு. ஒண்ணுலயாவது நல்லதா எழுதக் கூடாதா?"

நான் பாயின் கோரையைப் பிய்த்துக்கொண்டிருந்தேன்.

"சாம்பாரக் கழனித் தண்ணின்னு சொன்னேன். ஆமா, சொன்னேன். எப்பம் சொன்னேன்னு ஞாபகம் இருக்கா?"

"ரெண்டு வருஷம் முந்தி, கோயில் கொடைக்கு."

"அறுவது பேருக்குச் சமையல். நம்ம மாமியார் சாம்பார் அண்டாவ ஒன் தலையில கட்டப் பாத்தாங்க. நீ அப்பம்தான் இந்த வேலைக்கு மாதிரி எழுதி அனுப்பணும், மூணு நாள்தான் டயம்னு மதில் பக்கம் நின்னு அழுத. ஒனக்குச் சமையலே வராதுன்னு சொன்னாத்தான் ஒன்ன விடுவாங்க. வேற என்ன சொல்லச் சொல்லுத?"

அந்த மூன்று நாள் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. சாம்பார் அண்டாவை அக்காதான் தனியாகக் கிண்டினாள். என் சமையலைக் குறை சொல்லிவிட்டுத் தானே பெயர் வாங்கிக்கொண்டாள் என்று அன்றைக்கு நான் கறுவினேன். வேலை கிடைத்தது. அந்த வேலையில் உட்கார்ந்துதான் அவளை இரட்டை நாக்கு என்று எழுதியிருக்கிறேன். எனக்கு அங்கேயே அழுகை வந்துவிட்டது. பாயில் உட்கார்ந்து, வேடிக்கை பார்க்கிற ஜனத்துக்கு நடுவில், மூக்கைச் சிந்திக்கொண்டு அழுதேன்.

"அப்பம் அந்தப் புதுச்சேலை?" என்றேன், அழுகைக்கு நடுவிலேயே. "அதுக்கும் ஏதாவது காரணம் இருக்கா?"

"சேலைக்குக் காரணம் ஒண்ணும் கெடையாது," என்றாள் அக்கா, முந்தானையால் கண்ணைத் துடைத்தபடி. "அது நல்லாவே இல்ல. மொகத்துக்கு நேரா எப்படிட்டி சொல்ல?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அவளுக்கும்தான். மணியைப் பார்த்தேன். நாலு இருபது. மரகதத்தை நினைத்தேன். யாரோ ஒரு மரகதம், பாவம், எனக்கு என்ன கெடுதல் செய்தாள்? தூக்குவாளிக்கு அடியிலிருந்து கவரை எடுத்தேன். என் ஃபோனில் சார்ஜ் இல்லை. அக்காவின் ஃபோனை அவளே திறந்து கொடுத்தாள். திறந்ததும் அகராதியில் என் பக்கம்தான் வந்தது. இரண்டு நாளாக அதை மூடாமலே வைத்திருக்கிறாள்.

புதிதாக ஒரு திருத்தம் அனுப்பினேன். ஆனந்தவள்ளி இருந்த இடத்திலெல்லாம் ஜெயசித்ரா என்று போட்டேன், இடம் பொருந்தாத வாக்கியங்களைக் கொஞ்சம் வளைத்தேன். சாம்பார் வாக்கியத்தை மட்டும் முழுவதுமாக அழித்தேன்.

"அந்த எடம் காலியா இருக்கே," என்றாள் அக்கா, என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்து. "நான் சொல்லுதேன், எழுது. 'நாலு தடவ காபி குடுத்த கையாலயே ஜெயசித்ரா வைரஸ் வந்துருக்குன்னும் பொய் சொன்னா.' அதுக்கு என்ன சொல்லு வரும்?"

"இரட்டை வேடம்னா சரியா இருக்கும்."

"ரெட்டை நாக்கே இருக்கட்டும். நல்லாருக்கு."

அவள் சொன்னதை எழுத்துத் தமிழாக்கிப் போட்டு, ஐந்துக்குப் பத்து நிமிஷம் முன்னால் அனுப்பினேன். ஹுஸைஃபா பதில் போட்டார்: "மேடம், இது இன்னும் பிரமாதம். யார் இந்த ஜெயசித்ரா? ஓ." தண்ணீர் குறையவே இல்லை. அன்றைக்கு யாரும் குளிக்காமல், புளியோதரையை மட்டும் தின்றுவிட்டு வீடு வந்து சேர்ந்தோம்.

திங்கட்கிழமை காலையில் சாம்பாருக்குத் தாளித்துக்கொண்டிருந்தபோது குடும்பக் குழுவில் ஒரு செய்தி வந்து விழுந்தது. அக்கா அகராதிப் பக்கத்தைப் போட்டு, கீழே எழுதியிருந்தாள்: "எங்க ஜெயசித்ராவைப் பத்தி அகராதியிலயே போட்டிருக்கு. பதினெட்டு இருக்கு. எல்லாரும் கண்டிப்பா படிங்க." கூடவே கும்பிடுகிற இரண்டு கைகள்.

அதற்குக் கீழே பெரியத்தை, "எல்லாம் உண்மை" என்று போட்டிருந்தார். அதற்கும் கீழே, பெரியத்தைக்கே பதிலாக, சின்னத்தை, "ஆமா அக்கா." பதினோரு வருஷம் கழித்து அவர்கள் பேசிக்கொண்ட முதல் வார்த்தை, அதுவும் என்னைப் பற்றி.

கரண்டியோடு பின்பக்கம் ஓடினேன். மதிலுக்கு அந்தப் பக்கம் அக்கா எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு துணி துவைத்துக்கொண்டிருந்தாள். தோள் இரண்டும் குலுங்கின. மதில்மேல் ஒரு காக்காய் இருந்தது.

"ஏ காக்கா," என்று ஆரம்பித்தேன். "நேத்து சமாதானம் ஆயிட்டு இன்னைக்கு ஊரக் கூட்டுதவங்கள என்ன சொல்ல?"

அக்கா திரும்பினாள். சிரித்துச் சிரித்து முகமெல்லாம் சிவந்திருந்தது.

"காக்காகிட்ட என்னட்டி பேச்சு? சொல்லணும்னா எங்கிட்ட நேராச் சொல்லு," என்றாள். "கையில என்ன, சாம்பாரா? ஒரு கிண்ணம் கொண்டா, பசிக்கி."

கொண்டுபோய் மதில்மேல் வைத்தேன். ஈரக்கையைச் சேலையில் துடைத்துவிட்டு, ஒரு வாய் குடித்து, யோசித்தாள். பதினான்கு வருஷத்தில் எத்தனையோ தடவை அந்த இடத்தில் நின்று அமிர்தம் என்று சொல்லியிருக்கிறாள்.

"கழனித் தண்ணிதான்," என்றாள் என் கண்ணைப் பார்த்து.

அதைக் கேட்டு இவ்வளவு சந்தோஷப்படுவேன் என்று நான் நினைக்கவே இல்லை. கிண்ணத்தைக் காலி செய்துவிட்டு, இன்னும் கொஞ்சம் ஊற்றச் சொல்லி நீட்டினாள்.